மூன்றாம் வருஷப் பாடம்

ஜப்பான்காரன் கடைசிவரை திருத்தணிக்கு வரவில்லை. அவனுடைய பாஷை மட்டும் நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரை மாதமே வந்து இறங்கிவிட்டது.

அந்தச் சித்திரையில்தான் சென்னைப்பட்டணம் காலியாயிற்று. கடலில் ஜப்பான் கப்பல்கள் நிற்கின்றன என்று பேச்சுக் கிளம்பியதும், ஜனங்கள் குழந்தை குட்டிகளோடும் வெண்கல அண்டாக்களோடும் ரயில் ரயிலாக வந்து இறங்கினார்கள். மலையடிவாரத்துச் சத்திரங்களில் கால் நீட்ட இடமில்லை. மாட்டுக் கொட்டகைக்குக்கூட குடித்தனக்காரர் கிடைத்தார்கள். குண்டு விழுந்தால் முருகன் பார்த்துக்கொள்வான் என்று நம்பி வந்தவர்கள், வந்து சேர்ந்த பிறகு முருகனுக்கே தக்க பாதுகாப்பு இல்லையே என்று கவலைப்பட ஆரம்பித்தார்கள்.

இந்தக் கவலைக்கு ஒரு வழி கண்டவர் ராவ்சாஹிப் தணிகாசலம். அரிசி ஆலையும் சத்திரமும் உள்ளவர். ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் நடு நாற்காலி அவருடையது. அவர் தமது சத்திரத்து மாடியில் ஊர்ப் பெரிய மனிதர்களைக் கூட்டி, ‘திருத்தணி ஜப்பான் பாஷா அப்பியாச சபை’யைத் தொடங்கி வைத்தார். அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய ஜப்பான் பாஷையைப் பொது ஜனங்களுக்குக் கற்றுக்கொடுப்பது சபையின் நோக்கம். தொடக்க விழாவில் அவர் பேசியதாவது:

“கனவான்களே! வெள்ளைக்காரத் துரைத்தனம் என்றென்றும் நீடூழி வாழும். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் ஒருவேளை வாழாவிட்டால்? அதற்கும் நாம் தயாராயிருக்க வேண்டாமா? எவன் ஆள வந்தாலும், ஆளப்படுவதற்குத் திருத்தணி தயார் என்று காட்ட வேண்டாமா? பாராசூட்டில் குதிக்கிற எதிரியை விசாரிப்பதற்காகப் படிக்கிறோம் என்று துரைத்தனத்துக்கு எழுதிவிட்டேன். எதிரியே வந்து கேட்டால், உங்களை வரவேற்பதற்காகப் படித்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆக, படிப்பு ஒன்று, பலன் இரண்டு!”

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

விழாவுக்கு மாலை கொண்டுவந்த ரஞ்சிதம் மாடிப்படியில் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். கே.ஜி.கண்டிகையிலிருந்து தினமும் நடந்து வந்து, மலையடிவாரத்தில் சரவணப் பொய்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூ விற்பவள். ராவ்சாஹிபின் பிரசங்கத்தில் அவள் காதில் தங்கியது ஒரே வார்த்தை: ஜப்பான்.

அவள் புருஷன் வீராசாமி பினாங்குத் துறைமுகத்தில் லாரி ஓட்டப் போனவன். யுத்தம் அங்கே பரவியதிலிருந்து தகவல் இல்லை. தபாலாபீசில் கேட்டதற்கு, “அங்க இப்ப ஜப்பான் கொடி பறக்குதும்மா. இங்கேர்ந்து ஒண்ணும் போவாது, அங்கேர்ந்து ஒண்ணும் வராது” என்று சொல்லிவிட்டார்கள். பினாங்கு ஜப்பான்காரன் கையில் இருக்கிறது என்றால், பினாங்கில் யார் யார் இருக்கிறார்கள் என்பது ஜப்பான்காரனுக்குத்தானே தெரியும்? அவனிடம்தானே கேட்க வேண்டும்? யோசிக்க யோசிக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து பூ விற்கும் மணியம்மை இதைக் கேட்டுச் சிரித்தாள்.

“இன்னாடி, ஜப்பான் பாஷ படிக்கப் போறியா? தமிழே ஒரு எழுத்து உனக்குப் படிக்கத் தெரியாது.”

“படிக்க இன்னாத்துக்குக்கா? கேக்கத் தெரிஞ்சா போதும். எங்க வூட்டுக்காரரு எங்க கீறாருன்னு ஒரே ஒரு பேச்சு. அவ்ளோதான்.”

“கத்துகினு யாரப் போய் கேப்ப?”

“எவனாச்சும் ஒரு ஜப்பான்காரன் வருவான் இல்ல? வருவான் வருவான்னு ஊரே சொல்லிகினுதான கீது?”

மணியம்மை அதற்குமேல் சிரிக்கவில்லை.

ஒரு பூக்காரியைச் சபையில் சேர்க்கலாமா என்பதைப் பற்றி விவாதிக்கக் கமிட்டி கூடியது. சேர்த்தால் சபையின் கௌரவம் என்னாவது என்று சிலர் கேட்டார்கள். ‘பொது ஜனங்களுக்கு’ என்று நாமே விளம்பரம் செய்துவிட்டோமே என்று சிலர் வருந்தினார்கள். கடைசியில் காரியதரிசி சிவப்பிரகாசம் ஒரு வழி கண்டார். வகுப்பு சரஸ்வதி பூஜையோடு தொடங்குவதால், பூஜைக்குப் பூ கொண்டுவருகிறவள் வகுப்பு முடியும்வரை மூங்கில் தட்டிக்குப் பின்னால் நின்றுகொள்ளலாம். ஆனால் அவள் மாணவி அல்ல. மாணவி அல்லாதவள் காதில் பாடம் விழுந்தால் அதற்குச் சபை பொறுப்பாகாது.

வாத்தியார் வேலைக்கு வந்தவர் துளசிங்கம். சென்னை மண்ணடியில் ஒரு ஜப்பான் வியாபாரியிடம் கிடங்கு குமாஸ்தாவாக இருந்தவர். யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் வியாபாரி கப்பலேறிவிட, வேலை போயிற்று. குண்டு பயம் வந்ததும் ஊரும் போயிற்று. பெண்டாட்டி பிள்ளைகளோடு சத்திரத்தின் பின்கட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார். ஜப்பான்காரனோடு ஒரே கிடங்கில் பல வருஷம் பழகியதில், சாமான் எடுக்க, சாமான் வைக்க, சாப்பிட, திட்ட என்று அன்றாடப் பேச்சு அவருக்கு ஓரளவு வரும்.

பாடம் உடனே ஆரம்பமாகவில்லை. ஜப்பான் பாஷையை எந்தப் பாஷையின் வழியாகக் கற்பிப்பது என்ற வழக்கு முதலில் வந்தது. திருத்தணி சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது, ஆகவே தெலுங்கில்தான் கற்பிக்க வேண்டும் என்று ஒரு கட்சி. முருகன் தமிழ்த் தெய்வம், ஆகவே தமிழில்தான் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் வீட்டில் இரண்டு பாஷையும் பேசுகிறவர்கள்தான். ஆனாலும் நாற்காலிகள் பறந்தன. முடிவில், ஒரு வாரம் தமிழ், மறுவாரம் தெலுங்கு என்று ஒப்பந்தமாயிற்று. தமிழ் வாரத்தில் தெலுங்குக் கட்சி வரவில்லை. தெலுங்கு வாரத்தில் தமிழ்க் கட்சி வரவில்லை. எல்லா வாரமும் வந்தவள் தட்டிக்குப் பின்னால் நின்றவள் மட்டுமே.

அதன்பிறகு ராஜபக்திப் பிரச்சினை எழுந்தது. எதிரியின் பாஷை வாயில் நுழைந்தால் கூடவே எதிரியின் எண்ணங்களும் நுழைந்துவிடாதா என்று ஒரு வக்கீல் கேட்டார். நியாயமான கேள்வி என்று எல்லோருக்கும் பட்டது. ஆகவே ஒவ்வொரு ஜப்பான் வார்த்தைக்கு முன்னும் பின்னும் சக்கரவர்த்தியை வாழ்த்தி ஒரு முழுப் பாட்டுப் பாடுவது என்று தீர்மானம் நிறைவேறியது. இதனால் ஒரு மாலையில் ஒரு வார்த்தைக்குமேல் நடத்த முடியவில்லை. அந்த ஒரு வார்த்தையும் பாட்டுச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

பிறகு வணக்கப் பாடம். ஜப்பானில் குனிந்துதான் வணங்குவார்கள் என்று துளசிங்கம் வாய் தவறிச் சொல்லிவிட்டார். ராவ்சாஹிபின் முகம் மலர்ந்தது. இது தமக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த பாடம் என்றார். எவ்வளவு குனிவது, அவன் நிமிர்ந்த பிறகு நிமிர்வதா, அவன் நிமிரச் சொன்ன பிறகு நிமிர்வதா என்பதிலேயே ஒரு மாதம் கழிந்தது. யாருக்கு முன்னால் யார் குனிவது என்பதில் இரண்டு மண்டிக்காரர்களுக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோனது. வக்கீலுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவரை நிமிராத நிலையிலேயே வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். அவர்தான் அந்த வருஷப் பரீட்சையில் முதலாவதாக வந்தார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஒரு நாள் ரஞ்சிதம் தட்டிக்குப் பின்னாலிருந்து வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

“வாத்தியாரய்யா, எங்க வூட்டுக்காரரு எங்க கீறாருன்னு ஜப்பான்ல எப்பிடிங்க கேக்கறது?”

துளசிங்கம் வாயைத் திறந்தார். அதற்குள் காரியதரிசி கையமர்த்தினார்.

“இருங்க. பாடத்திட்டத்தப் பாத்துதான் சொல்லணும்.” பார்த்தார். “‘எங்கே’ மூணாம் வருஷம்.”

“அப்போ மொத வருசம் இன்னாங்க?”

“வந்தனமும் மன்னிப்பும்.”

“ரெண்டாவது வருசம்?”

“சோறு, தண்ணி இதெல்லாம் பணிவாக் கேக்கறது. கேள்வியெல்லாம் மூணாவதுலதான் வருது.”

“மூணு வருசம் ஆவுமாங்க? ஒரே ஒரு கேள்விதாங்க. அதுவரைக்கும் நான் எப்பிடிங்க இருப்பேன்?”

தட்டிக்கு அந்தப் பக்கம் ராவ்சாஹிப் தொண்டையைச் செருமினார். அவருக்குக் கோபமில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

“இதப் பாரும்மா. ஆளவர்றவங்கிட்ட எடுத்த எடுப்புலயே கேள்வி கேட்டா அவன் இன்னா நெனைப்பான்? எங்க குடும்பம் நாலு தலைமுறையா வெள்ளைக்காரங்கிட்ட ஒரு கேள்வி கேட்டதில்ல. எங்க நைனா சாவற வரைக்கும் கேக்கல. அதனாலதான் எனக்கு ராவ்சாஹிப் பட்டம் கெடைச்சது. நீ மொத நாளே கேக்கறேன்றியே!”

சபை சிரித்தது. ரஞ்சிதம் கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். தேர்வீதி முழுக்க அவளுக்கு அந்தச் சிரிப்பு கேட்டுக்கொண்டே வந்தது.

இரண்டொரு நாள் கழித்து, துளசிங்கம் மலைக்குப் போகிறவர்போல வந்து அவள் கூடைக்கு முன்னால் குந்தினார். பூவைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நான் சொல்லிக் குடுத்தேன்னு சபைக்குத் தெரிஞ்சா, நானும் புள்ளைங்களும் நடுத்தெருதான். மனசுல வெச்சிக்கோ. ஷுஜின்னா வூட்டுக்காரரு. தோகோன்னா எங்க. கடைசில கா போட்டாக் கேள்வி. நம்ம பேச்சு மாதிரியேதாம்மா, முன்ன பின்ன மாத்த வேணாம். ஷுஜின் வா தோகோ தெஸ்கா.”

“ஷுஜின் வா தோகோ தெஸ்கா” என்றாள் ரஞ்சிதம். அவர் திடுக்கிட்டார். கிடங்கை விட்டு வந்த பிறகு அந்தப் பாஷையை இன்னொரு வாயிலிருந்து அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து அவள் முடிச்சுக்கு ஒரு வார்த்தையாகச் சொல்லிச் சொல்லிப் பூக் கட்டினாள். நடந்து போகும்போது சொன்னாள். களத்தில் நெல் தூற்றும்போது சொன்னாள். மாமியார் வீட்டில் அவளுக்குப் பேய் பிடித்ததாக விபூதி போட்டார்கள். துளசிங்கம் பூ வாங்க வரும்போதெல்லாம் இன்னும் ஒரு வார்த்தை கேட்டு வாங்கினாள். தண்ணீர் மிஸு. சோறு கோஹான். ஒரு நாள், “உசுரோட கீறாருன்னா?” என்று கேட்டாள்.

“இகிதெ இமஸ்.”

“செத்துட்டாருன்னா?”

துளசிங்கம் மலையைப் பார்த்தார். “அது எனக்குத் தெரியாதும்மா” என்றார்.

அவருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த பிறகு, முதல் வருஷப் படிப்பு முடிந்துவிட்டதாகச் சபை அறிவித்தது. வருஷம் முடிய எவ்வளவோ இருந்தது; ஆனால் யுத்த காலத்தில் எல்லாமே வேகமாக நடக்க வேண்டியிருக்கிறது. பரீட்சையில் அத்தனை பேரும் தேறினார்கள். நாதசுரம் முழங்க, சரிகைத் துண்டு போர்த்தி, எல்லோருக்கும் ‘ஜப்பான் பாஷா பண்டித’ என்ற பட்டம் வழங்கினார்கள். பண்டிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் குனிந்தார்கள். மேடை சிறியதாகையால் தலைகள் இடித்துக்கொண்டன.

இந்த நிலையில்தான் ஸ்டேஷன் மாஸ்டரிடமிருந்து ஒரு செய்தி கசிந்தது. ஜப்பான் கைதிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து வடக்கே போகும் ரயில் திருத்தணியில் தண்ணீர் பிடிக்க நிற்கும். சண்டையில் பிடிபட்ட சிப்பாய்கள் அல்ல. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் கடை வைத்துப் பிழைத்தவர்கள். யுத்தம் மூண்ட அன்றைக்கே பிடித்துக் கப்பலேற்றி, அங்கும் இங்குமாக இத்தனை நாள் அடைத்து வைத்திருந்தவர்கள்.

சபைக்கு இதைவிடப் பெரிய சந்தர்ப்பம் ஏது? பண்டிதர்கள் சரிகைத் துண்டோடு பிளாட்பாரத்தில் வரிசையாக நின்றார்கள். ராவ்சாஹிப் கையில் இரண்டு பிரசங்கங்கள் இருந்தன. ஒன்று வரவேற்பு, ஒன்று கண்டனம். காவலுக்கு வெள்ளைக்காரச் சார்ஜண்ட் வந்திருப்பதைப் பார்த்துக் கண்டனத்தை எடுத்துக்கொண்டார். எதிரியை எதிரியின் பாஷையிலேயே கண்டிக்கப்போவதாக இங்கிலீஷில் சார்ஜண்டிடம் சொன்னார். சார்ஜண்ட் தலையாட்டினான்.

ராவ்சாஹிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். அப்போதுதான் அவருக்கு ஒரு உண்மை புலப்பட்டது. அவர் தேறியது முதல் வருஷப் பாடம். அதில் வந்தனமும் மன்னிப்பும் மட்டுமே உண்டு. ஆனாலும் அவர் பின்வாங்குகிறவர் அல்ல. கண்களை உருட்டி, மீசை துடிக்க, விரலை நீட்டி முழங்கினார்.

“அரிகதோ!” அதாவது, வந்தனம். “கொமென் நசாய்!” அதாவது, மன்னித்தருள வேண்டும். “அரிகதோ! அரிகதோ! கொமென் நசாய்!”

பண்டிதர்கள் முஷ்டியை உயர்த்தி, “அரிகதோ! அரிகதோ!” என்று இரைந்தார்கள். கம்பிக்குப் பின்னாலிருந்த வாடிய முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு எல்லோரும் எழுந்து நின்று மரியாதையாகக் குனிந்தார்கள். எதிரி பணிந்துவிட்டான் என்று சார்ஜண்டுக்குப் பரம திருப்தி. ராவ்சாஹிபின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அந்தச் சந்தடியில் ஓரத்துப் பெட்டியிலிருந்து ஒரு கை நீண்டது. மூக்குக்கண்ணாடி போட்ட, நடுவயது தாண்டிய ஆள். உதடு வெடித்திருந்தது. “மிஸு… மிஸு…” என்றான். பக்கத்தில் நின்ற காரியதரிசி சிவப்பிரகாசம் யோசித்துப் பார்த்து, “அது ரெண்டாம் வருஷம்” என்று விலகிக்கொண்டார்.

பிளாட்பாரத்தில் பூ விற்க வந்திருந்த ரஞ்சிதத்துக்கு அந்த வார்த்தை எட்டியது. பூவுக்குத் தெளிக்கக் கொண்டுவந்த செம்புத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கம்பிக்குள் நீட்டினாள். அவன் நிறுத்தாமல் குடித்தான். இத்தனை மாதம் முடிச்சு முடிச்சாகச் சொன்னதை அவள் ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ரயில் ஊதியது.

“ஷுஜின் வா தோகோ தெஸ்கா?” என்றாள். “பினாங்கு. வீராசாமி. லாரி ஓட்டுறவரு. ஷுஜின் வா தோகோ தெஸ்கா?”

அந்த ஆள் செம்பைப் பிடித்தபடியே அவளை வெறித்துப் பார்த்தான். பிறகு கடகடவென்று என்னவோ பேசினான். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மெதுவாக, கல்லைப் புரட்டுவதுபோல, தமிழில் சொன்னான்.

“தங்கச்சி… நான் பினாங்கு. போட்டோ கடை. தமிழாள் எல்லாம் வருவான், ஊருக்கு அனுப்ப போட்டோ எடுப்பான்.”

“இவரும் எடுத்து அனுப்பினாரு! கைல கொடை வெச்சிகினு! நீங்கதான் எடுத்தீங்களா? பாத்தீங்களா அவர?”

அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகு தூரம் யோசித்தான். குடை வைத்துக்கொண்டு படம் எடுத்தவர்கள் எத்தனை பேரோ.

“தெரியாது, தங்கச்சி” என்றான். பிறகு தன் மார்பைத் தொட்டான். “எனக்கும் சம்சாரம். வேற கப்பல். எங்கே… தெரியாது.”

ரயில் நகர்ந்தது. செம்பை அவன் நீட்டினான். அவள் கூடவே ஓடி வாங்கிக்கொண்டாள். அவன் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளுக்குக் குனிந்தான். அதற்கு எவ்வளவு குனிவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள்.

திருத்தணி ஸ்டேஷனில் எதிரியோடு ஜப்பான் பாஷையில் பேச்சு நடந்தது என்ற தகவல் ஒரே வாரத்தில் மேலிடத்துக்குப் போயிற்று. விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்திறங்கினார். ஜப்பான் பாஷை தெரிந்தவர்கள் யார் யார் என்பது அவருடைய கேள்வி.

சரிகைத் துண்டுகள் பெட்டிக்குள் போயின. துளசிங்கம் வேலூரில் மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று குடும்பத்தோடு போய்விட்டிருந்தார். ராவ்சாஹிப் அதிகாரியின் முன்னால் நெஞ்சு நிமிர்த்திச் சாட்சி சொன்னார்.

“எங்கள் சபையில் யாருக்கும் ஜப்பான் பாஷை தெரியாது என்பதைத் தாங்கள் எப்படி வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளலாம். யாருக்கும் வந்துவிடக் கூடாது என்பதில் சபை ஆதியிலிருந்தே கண்ணும் கருத்துமாக இருந்தது. பாட்டுப் பாடினோம். குனிந்தோம். சண்டை போட்டுக்கொண்டோம். பாடத்துக்கு இடமே கொடுக்கவில்லை. நான் முதல் வகுப்பில் தேறியவன். எனக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்!”

அதிகாரி கேட்டுப் பார்த்தார். பண்டிதர்களைத் தனித்தனியே அழைத்து, தண்ணீருக்கு ஜப்பான் பாஷையில் என்ன என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. சபையின் ராஜபக்தி சந்தேகமில்லாமல் நிரூபணமாயிற்று. ஆக, குற்றவாளி ஒருத்திதான். அவள் சபையின் மாணவியும் அல்ல.

“யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது?” என்று அதிகாரி ரஞ்சிதத்தைக் கேட்டார்.

“கேட்டுக் கேட்டு வந்துச்சிங்க.”

“யாரிடம் கேட்டு?”

“தட்டிக்குப் பின்னால நின்னுகினு கேட்டுகினு இருந்தேங்க.”

துளசிங்கத்தின் பெயர் அவள் வாயிலிருந்து வரவில்லை.

“அந்த ஜப்பான்காரன் உன்னிடம் என்ன சொன்னான்?”

“தெரியாதுங்க.”

“மறைக்காதே. என்ன சொன்னான்?”

“அதாங்க சொன்னான். தெரியாதுன்னு.”

“அவன் சொன்னது உனக்குத் தெரியாதா? தெரியாது என்று அவன் சொன்னானா?”

“அவனுக்கும் தெரியாதுங்க, எனக்கும் தெரியாதுங்க.”

அதிகாரி பேனாவை மூடிவிட்டு அவளைக் காவலில் வைக்கச் சொன்னார். மணியம்மை அவள் கூடையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். தினமும் ஒரு வேளை கூழ் கொண்டுபோய்க் கொடுத்தாள். “ஒரே ஒரு பேச்சுன்னியேடி” என்று கம்பிக்கு வெளியே நின்று அழுதாள்.

அவளைச் சிறைக்கு அனுப்பினால், சபையின் மாடியில் ஜப்பான் பாஷை ஒருத்திக்காவது வந்தது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்பது ராவ்சாஹிபின் கவலை. அவர் மேலிடத்துக்கு ஒரு யோசனை சொன்னார். அவளைச் சபையிடமே ஒப்படைத்தால், கற்றதையெல்லாம் மறக்கடித்துத் திருப்பித் தருவதாகப் பொறுப்பேற்றார். மேலிடத்துக்கு யோசனை மிகவும் பிடித்துவிட்டது. பெயர்ப்பலகைக்கு மறுபடி வர்ணம் அடித்தார்கள். ‘திருத்தணி ஜப்பான் பாஷா விஸ்மரண சபை’, அதாவது ஜப்பான் பாஷையை மறக்கும் சபை, அதே மாடியில், அதே தலைவரோடு, அதே காரியதரிசியோடு தொடங்கியது. மாணவி ரஞ்சிதம் ஒருத்திதான். இப்போது தட்டி இல்லை. முன்வரிசையில் பெஞ்சு போட்டு உட்காரவைத்தார்கள். மறந்துவிட்டாள் என்று சபை அத்தாட்சி கொடுக்கும்வரை ஸ்டேஷனிலோ கோயிலடியிலோ அவள் பூ விற்கக் கூடாது.

மறந்தாளா என்று சோதிக்க வேண்டுமானால், சோதிப்பவர்களுக்கு அந்த வார்த்தைகள் தெரிய வேண்டுமே! துளசிங்கம் எழுதி வைத்து விட்டுப்போன மூன்று வருஷப் பாடக் குறிப்புகளையும் தேடி எடுத்துவந்து, கமிட்டியார் இராப்பகலாக உருப்போட்டார்கள். வக்கீல் வண்டியில் போகும்போது ‘மிஸு, மிஸு’ என்று சொல்லிக்கொண்டு போனார். மண்டிக்காரர்கள் மூட்டைக்கு நடுவில் ‘கோஹான்’ என்றார்கள். முதல் சபையில் யாருக்கும் வராத பாஷை இந்தச் சபையில் எல்லோருக்கும் சரளமாக வந்தது. அவர்கள் மறக்கடிக்கக் கற்றவர்கள் ஆதலால் அது குற்றமில்லை என்று மேலிடம் விளக்கம் அனுப்பியது.

முதல் சோதனையில் ரஞ்சிதம் தவறிவிட்டாள். “மிஸு என்றால் என்ன?” என்று காரியதரிசி கேட்டார். “தெரியாதுங்க” என்றுதான் சொன்னாள். ஆனால் மேஜைமேலிருந்த கூஜாவை அவள் கண் ஒரு கணம் பார்த்துவிட்டது. வாய் மறந்தாலும் கண் மறக்கவில்லை என்று முடிவு செய்து, மேலும் சில வாரம் வரச் சொன்னார்கள். வீட்டில் நெல் தீர்ந்துகொண்டிருந்தது. கூலிக்கு நாற்று நடப் போனால், வகுப்புக்கு வரவில்லை என்று ஆள் வந்து அழைத்துப்போனான்.

ரஞ்சிதம் வீட்டில் பயிற்சி செய்தாள். செம்பை எதிரில் வைத்துக்கொண்டு, “மிஸு” என்று மனசுக்குள் சொல்லி, செம்பைப் பார்க்காமலிருக்கப் பழகினாள். சோற்றைப் பார்க்காமலிருக்கப் பழகினாள். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, “தெரியாதுங்க, தெரியாதுங்க” என்று சொல்லிப் பார்த்தாள். பழகப் பழக அதுவும் வந்தது.

கடைசிச் சோதனைக்கு அதிகாரியே வந்திருந்தார். மாடி நிறைய ஊர்ப் பெரிய மனிதர்கள். நடு நாற்காலியில் ராவ்சாஹிப்.

“மிஸு?” என்றார் காரியதரிசி.

“தெரியாதுங்க.” கண் அசையவில்லை.

“கோஹான்?”

“தெரியாதுங்க.”

“இகிதெ இமஸ்?”

அவள் விரல்கள் முந்தானையைப் பிடித்தன. “தெரியாதுங்க” என்றாள்.

அதிகாரி திருப்தியோடு தலையாட்டினார். கடைசிக் கேள்வியை ராவ்சாஹிப் தமக்கென்று வைத்திருந்தார். பல நாள் உருப்போட்டது. எழுந்து நின்று, அவளை நேருக்கு நேர் பார்த்து, உச்சரிப்புப் பிசகாமல், கனிவாகவே கேட்டார்.

“ஷுஜின் வா தோகோ தெஸ்கா?”

ரஞ்சிதம் நிமிர்ந்து பார்த்தாள். பினாங்கு விழுந்த நாளிலிருந்து அவளை யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்டால் அழுவாள் என்று மணியம்மை கேட்கவில்லை. அபசகுனம் என்று வீட்டில் கேட்கவில்லை. தபாலாபீசிலும் ரயிலடியிலும் இந்த மாடியிலும் அவள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது முதல் தடவையாக ஒரு மனிதர், ஊர்ப் பெரியவர், அத்தனை பேர் முன்னிலையில் அவளைப் பார்த்து, உன் புருஷன் எங்கே அம்மா என்று கேட்கிறார்.

கல்லாக வைத்திருந்த முகம் உடைந்தது.

“தெரியாதுங்க” என்றாள். கண்ணீர் தாரையாக வழிந்தது. “எனக்குத் தெரியாதுங்க, சாமி. நெசமாவே தெரியாதுங்க.”

மாடியில் கைதட்டல் அதிர்ந்தது. இவ்வளவு உருக்கமாக மறந்தவர்களைத் தாம் பார்த்ததில்லை என்று அதிகாரி ராவ்சாஹிபிடம் சொன்னார். முழு மதிப்பெண் போட்டார்கள். நாதசுரக்காரர் சீவாளியை வாயில் வைத்தார்.

ரஞ்சிதம் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. ராவ்சாஹிபின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கேட்டவருக்குப் பதில் தெரிந்திருக்குமோ என்பதுபோல. காரியதரிசி குனிந்து அவள் தோளைப் பட்டும் படாமலும் தட்டினார்.

“பரீட்சை முடிஞ்சதும்மா. நீ தேறிட்ட. வூட்டுக்குப் போ.”